சலன–விரவல் சமன்பாடுகளில் எல்லைப் படலம்: எண்ணியல் முறைகள் குறித்த ஒரு விளக்கம்

1. முன்னுரை

இயற்பியலிலும் பொறியியலிலும் எழும் சமன்பாடுகளுள் பெரும்பாலானவற்றிற்குத் தாளில் எழுதித் தீர்க்கும் வகையில் விடை கிடைப்பதில்லை. அவற்றைக் கணினியின் துணைகொண்டு எண்களாகவே தீர்க்க வேண்டியுள்ளது. அவ்வாறு பெறும் எண்களை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதே எண்ணியல் பகுப்பாய்வு என்னும் துறையின் அடிப்படை வினா. கணிப்புப் புள்ளிகளின் எண்ணிக்கையைக் கூட்டக் கூட்ட விடை மெய்யான மதிப்பை நெருங்கும் என்று மாணவர்கள் கற்கின்றனர். அக்கூற்று பொய்யன்று. ஆயினும், சில வகைச் சிக்கல்களில் அது நடைமுறைக்கு உதவாத மெய்யாக நின்றுவிடுகிறது. சலன–விரவல் சமன்பாடு அவற்றுள் தலையாயது.

இச்சமன்பாட்டைத் தீர்க்கும்போது நேரும் தவறுகள் இருவகைப்படும். பார்த்தவுடனே தவறு என்று தெரிவது ஒன்று. பார்வைக்குச் செம்மையாக இருந்துகொண்டே தவறாக இருப்பது மற்றொன்று. பின்னதே பெரிதும் அஞ்சத்தக்கது. இக்கட்டுரை ஓர் எளிய எடுத்துக்காட்டை முதலிலிருந்து இறுதிவரை கையாண்டு, அவ்விரு தவறுகளும் எவ்வாறு தோன்றுகின்றன, அவற்றைக் களைய அறிஞர்கள் கண்ட வழிகள் யாவை என்பவற்றை விளக்க முற்படுகிறது. இதிலுள்ள கணக்குகளுள் பெரும்பாலானவற்றை உயர்நிலைக் கணிதம் அறிந்தோர் தாமே செய்து சரிபார்த்துக்கொள்ளலாம்.

2. சலனமும் விரவலும்

ஓடும் நீரில் ஒரு துளி சாயத்தை விட்டால் இரண்டு நிகழ்வுகள் ஒருங்கே நடைபெறுகின்றன. நீரோட்டம் சாயத்தைத் தன்னோடு சுமந்து செல்கிறது, இது சலனம். சாயத்தின் மூலக்கூறுகள் செறிவு மிகுந்த இடத்திலிருந்து செறிவு குறைந்த இடத்திற்கு எல்லாத் திசைகளிலும் பரவுகின்றன, இது விரவல். நிலத்தடி நீரில் கலந்த மாசு, காற்றில் கலந்த புகை, குழாயில் ஓடும் நீரின் வெப்பம், குறைகடத்திக்குள் இயங்கும் மின்னூட்டங்கள் ஆகிய அனைத்தும் இவ்விரு நிகழ்வுகளின் கூட்டு விளைவாகவே இடம்பெயர்கின்றன.

இவ்விரண்டனுள் எது வலியது என்பதை ஒரே எண்ணால் கூறிவிடலாம். விரவல் கெழுவை, ஓட்டத்தின் வேகத்தையும் நீளத்தையும் பெருக்கிவரும் தொகையால் வகுத்தால் அலகற்ற ஓர் எண் கிடைக்கிறது. இக்கட்டுரையில் அதனை விரவல் எண் என்று குறிப்பிடுவோம். இதன் தலைகீழ் எண்ணைப் பிரெஞ்சு இயற்பியலாளர் பெக்லேயின் பெயரால் பெக்லே எண் என்பர். கரைந்த உப்பு நீரில் விரவும் கெழு, நொடிக்கு ஏறத்தாழ நூறு கோடியில் ஒரு பங்கு சதுர மீட்டராகும். சுழல்களற்ற நீர் நொடிக்கு 0.1 மீட்டர் வேகத்தில் 1 மீட்டர் நீளத்திற்கு ஓடுமாயின், விரவல் எண் பத்துக் கோடியில் ஒரு பங்கு என்றாகிறது. இத்துணைச் சிறிய எண்கள் இத்துறையில் வியப்புக்குரியன அல்ல.

3. எல்லைப் படலம்

நமது எடுத்துக்காட்டு வருமாறு. 1 அலகு நீளமுள்ள குழாயில் நீர் இடமிருந்து வலமாக ஓடுகிறது. இடமுனையில் நீரின் வெப்பநிலை 0. வலமுனையில் உள்ள சூடேற்றிய கம்பிவலை வெப்பநிலையை 1 என நிலைநிறுத்துகிறது. இடைப்பட்ட இடங்களில் வெப்பநிலை என்ன? காலத்தால் மாறாத நிலையில் அதற்குரிய சமன்பாடு இது:

முதல் வகைக்கெழு − (விரவல் எண் × இரண்டாம் வகைக்கெழு) = 0

முதல் வகைக்கெழு சலனத்தையும் இரண்டாம் வகைக்கெழு விரவலையும் குறிக்கின்றன. விரவல் எண் மிகச் சிறியதாயிற்றே, இரண்டாம் உறுப்பை நீக்கிவிட்டால் என்ன என்று தோன்றலாம். நீக்கினால், வெப்பநிலை எங்கும் மாறாது என்றாகும். இடமுனையின் 0 குழாய் முழுதும் நிலைத்துவிடும். வலமுனையில் 1 என்ற நிபந்தனையை நிறைவுசெய்யவே இயலாது. ஆகவே, அவ்வுறுப்பு சிறியதாயினும் நீக்கத்தக்கதன்று.

இந்தச் சமன்பாட்டிற்கு நல்வாய்ப்பாக முழுமையான விடை உண்டு. வலமுனையிலிருந்து உள்ள தொலைவை விரவல் எண்ணால் வகுத்து, ஆய்லர் எண்ணை அந்த அளவுக்கு எதிர்ம அடுக்கில் உயர்த்தினால், புறக்கணிக்கத்தக்க ஒரு சிறு திருத்தம் நீங்கலாக, அவ்விடத்தின் வெப்பநிலை கிடைக்கும். விரவல் எண் 0.01 எனக் கொள்வோம். வலமுனையிலிருந்து 0.05 தொலைவில் வெப்பநிலை 0.007, 0.1 தொலைவில் 0.00005. அதாவது, குழாயின் பெரும்பகுதியில் வெப்பநிலை 0 ஆகவே இருந்து, இறுதி இருபதில் ஒரு பங்கில் மட்டும் 0இலிருந்து 1க்குச் செங்குத்தாக ஏறுகிறது. வெப்பம் ஓட்டத்தை எதிர்த்து ஏற முயன்று, மிகச் சிறிது தொலைவே செல்ல முடிகின்றமையால் உண்டாகும் இம்மெல்லிய பகுதியே எல்லைப் படலம்.

இக்கருத்தை அறிவியலுக்கு வழங்கியவர் ஜெர்மானிய அறிஞர் லுட்விக் பிரான்ட்டல். 1904ஆம் ஆண்டில் ஹைடல்பர்க் நகரில் நடைபெற்ற மூன்றாம் அனைத்துலகக் கணித மாநாட்டில், பாய்மத்தின் பாகுநிலை எத்துணைச் சிறியதாயினும் திடப்பொருளை ஒட்டிய மெல்லிய படலத்தில் அது புறக்கணிக்க முடியாத பங்கு வகிக்கிறது என்று அவர் எடுத்துரைத்தார். பாகுநிலையை அறவே நீக்கிக் கணக்கிட்டால் சீரான ஓட்டத்தில் உள்ள பொருளின்மீது இழுவிசையே இராது என்ற, பதினெட்டாம் நூற்றாண்டில் தலம்பேர் கண்ட முரண்பாட்டிற்கு இவ்விளக்கமே தெளிவு தந்தது. பொறியாளர்கள் அறிய விரும்பும் இழுவிசையும் வெப்பப் பாய்வும் பெரும்பாலும் இப்படலத்திற்குள்ளேயே முடிவாகின்றன. நமது எடுத்துக்காட்டில் வலமுனை வழியாகப் பாயும் வெப்பம், விரவல் எண்ணையும் அவ்விடத்துச் சரிவையும் பெருக்கிவரும் தொகையாகும். அதன் மெய்யான மதிப்பு 1. இந்த 1 என்ற எண்ணை நினைவிற்கொண்டு மேலே செல்வோம்.

4. மைய வேறுபாட்டு முறை: வெளிப்படையான தவறு

குழாயைப் பத்துச் சம இடைவெளிகளாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டப்புள்ளியிலும் வகைக்கெழுக்களுக்குப் பதிலாக அண்டைப் புள்ளிகளின் மதிப்பு வேறுபாடுகளை எழுதுவதே முடிவுறு வேறுபாட்டு முறை. முதல் வகைக்கெழுவிற்கு இருபுறத்து அண்டைப் புள்ளிகளையும் சமமாகக் கொள்வது மைய வேறுபாடு. பாடநூல்கள் முதலில் பரிந்துரைப்பது இதனையே. ஏனெனில், இதன் துல்லியம் உயர்ந்தது.

விரவல் எண் 0.01, இடைவெளி 0.1 என்னும்போது இம்முறை தரும் கணக்கைச் சுருக்கினால் பின்வரும் விதி கிடைக்கிறது:

ஒரு புள்ளியின் மதிப்பு = (3 × இடப்புள்ளியின் மதிப்பு) − (2 × வலப்புள்ளியின் மதிப்பு)

ஓரிடத்தின் வெப்பநிலை அண்டை இடங்களின் வெப்பநிலைகளுக்கு இடைப்பட்டதாக இருத்தல் இயற்கை. அதற்கு இரு எடைகளும் நேர்மமாக இருத்தல் வேண்டும். இங்கோ வலப்புள்ளியின் எடை எதிர்மம். வலப்பக்கம் சூடேறினால் இவ்விடம் குளிரும் என்று கணினிக்கு நாமே கட்டளையிட்டதாக ஆகிறது. விளைவும் அவ்வாறே அமைகிறது: ஏழாம் புள்ளியில் −0.319, எட்டாம் புள்ளியில் 0.435, ஒன்பதாம் புள்ளியில் −0.696, பத்தாம் புள்ளியில் 1. மெய்யான விடையோ முதல் ஒன்பது புள்ளிகளிலும் ஏறத்தாழ 0. இவ்வாறு ஏறியும் இறங்கியும் தோன்றும் மதிப்புகளைப் போலி அலைவு என்பர்.

இடைவெளியானது விரவல் எண்ணின் இரு மடங்கைவிடக் குறைவாக இருந்தால் எடைகள் நேர்மமாகி அலைவு மறையும். நமது எடுத்துக்காட்டில் 50க்கு மேற்பட்ட இடைவெளிகள் போதும். விரவல் எண் பத்து இலட்சத்தில் ஒரு பங்காயின் ஐந்து இலட்சத்திற்கு மேற்பட்ட இடைவெளிகள் தேவை. படலத்திற்குள் துல்லியம் வேண்டி இடைவெளியை விரவல் எண்ணுக்குச் சமமாக்கினால், இருபரிமாணச் சிக்கலில் ஓர் இலட்சம் கோடிப் புள்ளிகள் வேண்டும். அவற்றின் மதிப்புகளைச் சேமிக்க மட்டுமே எட்டு டெராபைட் நினைவகம் செலவாகும். முப்பரிமாணத்தைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை.

5. வருதிசை வேறுபாட்டு முறை: மறைந்த தவறு

ஓட்டம் எத்திசையிலிருந்து வருகிறதோ அத்திசையிலிருந்தே செய்தியும் வருகிறது. ஆதலின், முதல் வகைக்கெழுவிற்கு ஓட்டம் வரும் திசையிலுள்ள புள்ளியை மட்டும் பயன்படுத்தினால் என்ன? இதனை வருதிசை வேறுபாடு எனலாம். அதே பத்து இடைவெளிகளில் விதி இவ்வாறு மாறுகிறது:

12 × ஒரு புள்ளியின் மதிப்பு = (11 × இடப்புள்ளியின் மதிப்பு) + வலப்புள்ளியின் மதிப்பு

இரு எடைகளும் நேர்மம். அலைவு முற்றிலும் மறைகிறது. ஒன்பதாம் புள்ளியின் மதிப்பு 0.0909, எட்டாம் புள்ளியில் அதன் பதினொன்றில் ஒரு பங்கு, அதற்கு முன் ஏறத்தாழ 0. வரைபடத்தில் கோடு வழுவழுப்பாக ஏறுகிறது. காண்போர் எவரும் ஐயுறார்.

ஆனால், வலமுனையின் வெப்பப் பாய்வைக் கணக்கிட்டுப் பார்ப்போம். இறுதி இடைவெளியில் மதிப்பு 0.0909இலிருந்து 1க்கு ஏறுகிறது, சரிவு 9.09; வெப்பப் பாய்வு 0.0909. மெய்யான மதிப்பு 1 என்று முன்னரே கண்டோம். கணிப்பு பதினொரு மடங்கு குறைவு! இந்த எண்ணை நம்பி வெப்பமாற்றிக் கருவி ஒன்றை வடிவமைப்பவரின் நிலையை எண்ணிப் பார்க்கலாம்.

இத்தவறு எங்கிருந்து வந்தது? வருதிசை வேறுபாட்டை இயற்கணித முறையில் மாற்றி எழுதினால், அது விரவல் எண்ணுடன் இடைவெளியின் பாதியைக் கூட்டிய ஒரு மைய வேறுபாடே என்பது தெரியவரும். நமது எடுத்துக்காட்டில் 0.01 என்ற விரவல் எண், நாம் அறியாமலே 0.06 ஆகிவிட்டது. அதாவது, கணினி தீர்த்துத் தந்தது நாம் கொடுத்த சிக்கலை அன்று. ஆறு மடங்கு மிகுதியாக விரவும் வேறொரு பொருளின் சிக்கலை. இவ்வாறு நுழையும் மிகைவிரவல் போலி விரவல் எனப்படும். மைய வேறுபாட்டின் அலைவு, கட்டம் போதாது என்று நம்மை எச்சரித்தது. வருதிசை வேறுபாடு அந்த எச்சரிக்கையை அடக்கிவிட்டது. அலைவை அடக்குவதும் பிழையை நீக்குவதும் ஒன்றல்ல.

6. கட்டத்தை நெருக்கியும் பிழை கூடுவதேன்?

புள்ளிகளைக் கூட்டிச் சரிசெய்துவிடலாம் என்று கருதுவோருக்கு மற்றொரு வியப்பு காத்திருக்கிறது. வருதிசை முறையில் கட்டப்புள்ளிகளில் காணும் மிகப் பெரிய பிழை பின்வருமாறு அமைகிறது:

10 இடைவெளிகள்: பிழை 0.091
50 இடைவெளிகள்: பிழை 0.198
100 இடைவெளிகள்: பிழை 0.132
1000 இடைவெளிகள்: பிழை 0.018

புள்ளிகளை ஐந்து மடங்காக்கியதும் பிழை இருமடங்குக்கு மேல் பெருகுகிறது. காரணம் எளிது. 10 இடைவெளிகள் உள்ளபோது முனைப்புள்ளியைத் தவிர எந்தப் புள்ளியும் படலத்திற்குள் விழவில்லை. படலத்தைப் பார்க்காதவரை அதனைப் பற்றிய பிழையும் கணக்கில் வரவில்லை. 50 இடைவெளிகள் ஆனதும் ஒரு புள்ளி படலத்திற்குள் நுழைகிறது, பிழை வெளிப்படுகிறது. விரவல் எண் பத்து இலட்சத்தில் ஒரு பங்காயின், இதே 0.198 என்ற பிழை ஐந்து இலட்சம் இடைவெளிகளில் தோன்றும். அதற்கு மிகக் குறைந்த எண்ணிக்கையில் கணக்கிடுபவர், தமது கட்டப்புள்ளிகளில் பிழை அறவே இல்லை என்றே எண்ணிக்கொள்வார்.

ஆகவே, புள்ளிகள் கூடினால் பிழை குறையும் என்ற வாக்குறுதி மட்டும் போதாது. விரவல் எண் எத்துணைச் சிறியதாயினும், இத்தனை புள்ளிகளுக்கு இவ்வளவுக்கு மேல் பிழை வாராது என்ற உறுதிப்பாடு வேண்டும். இதுவே விரவல் எண்ணைச் சாராத சீரான ஒருங்கல் எனப்படுகிறது. கடந்த அரை நூற்றாண்டிற்கும் மேலாக இத்துறையின் ஆய்வுகள் இவ்வுறுதிப்பாட்டைத் தேடியே நடைபெற்று வந்துள்ளன. அத்தேடல் இரண்டு வழிகளில் சென்றது: ஒன்று, சமன்பாட்டின் வேறுபாட்டு வடிவத்தைப் பொருத்துதல், மற்றொன்று, கட்டத்தைப் பொருத்துதல்.

7. வேறுபாட்டு வடிவத்தைப் பொருத்துதல்

படலத்தின் வடிவம் அடுக்குக்குறிச் சார்பு என்பது முன்கூட்டியே தெரியும். அவ்வாறாயின், அச்சார்பைப் பிழையின்றித் தரும்படி வேறுபாட்டு விதியின் எடைகளையே தேர்ந்துகொள்ளலாம். 1955ஆம் ஆண்டில் ஆலன், சவுத்வெல் ஆகிய இருவரும் உருளையைச் சுற்றி ஓடும் பாகுநிலைப் பாய்மத்தைக் கணிக்கும்போது இவ்வுத்தியைக் கையாண்டனர். 1969இல் ரஷ்யக் கணித அறிஞர் இலியின், இவ்வகை முறை சீரான ஒருங்கல் உடையது என்பதை நிறுவினார். அதே ஆண்டில் ஷார்ஃபெட்டர், கம்மல் ஆகியோர் குறைகடத்திக் கருவிகளின் மின்னோட்டத்தைக் கணிக்க இதே கருத்தைத் தனியே கண்டடைந்தனர்; அவர்தம் முறை குறைகடத்திக் கணிப்பில் இன்றும் வழக்கில் உள்ளது.

நமது எடுத்துக்காட்டில் இம்முறை கட்டப்புள்ளிகள் அனைத்திலும் மெய்யான மதிப்பையே தரும். எனினும், புள்ளிகளுக்கு இடையே நிகழ்வதை அது காட்டாது. பத்து இடைவெளிகளில் இறுதி இரு புள்ளிகளை நேர்க்கோட்டால் இணைத்தால் வெப்பப் பாய்வு 0.1 என்றே கிடைக்கும். இதனினும் பெரிய தடை இருபரிமாணத்தில் எழுகிறது. ஓட்டத்திற்கு இணையாக அமைந்த சுவரை ஒட்டி, விரவல் எண்ணின் வர்க்கமூலத்தை ஒத்த தடிமனில் வேறுவகைப் படலம் தோன்றுகிறது. அத்தகைய படலத்திற்குச் சீரான கட்டத்தில் எந்தப் பொருத்திய விதியும் சீரான ஒருங்கலைத் தராது என்று ஷிஷ்கின் நிறுவினார். முயற்சிக்குறைவால் அன்று, இயல்பிலேயே அவ்வழி அங்கு அடைபட்டுள்ளது.

முடிவுறு கூறு முறையைப் பயன்படுத்துவோரிடையே, 1982இல் புரூக்ஸ், ஹியூஸ் ஆகியோர் விரிவாக முன்வைத்த முறை பெருவழக்குப் பெற்றது. போலி விரவலை எல்லாத் திசைகளிலும் சேர்க்காமல், ஓட்டத்தின் திசையில் மட்டும் அளவறிந்து சேர்ப்பது அதன் சாரம். படலத்திற்கு அப்பால் நல்ல துல்லியம் கிட்டுகிறது. ஆயினும் படலத்தின் அருகே சிறு அலைவுகள் எஞ்சி நிற்கின்றன.

8. கட்டத்தைப் பொருத்துதல்

படலம் மெல்லியது என்பது தெரியும்; அது எங்குள்ளது என்பதும் தெரியும். பின்னர் ஏன் எல்லா இடத்திலும் ஒரே இடைவெளி? 1969இல் பக்வாலொவ், படலத்தை நோக்கிச் செல்லச் செல்ல இடைவெளிகள் படிப்படியாகக் குறுகும் கட்டத்தை முன்மொழிந்தார். பின்னர் ஷிஷ்கின் அதனினும் எளிய ஒரு கட்டத்தை வகுத்தார். இடைவெளிகளில் பாதியைப் படலத்திற்குள்ளும் எஞ்சிய பாதியைப் படலத்திற்கு வெளியிலும் சமமாக வைப்பதே அது. இரண்டு பகுதிகளும் சந்திக்கும் எல்லையை மட்டும் கவனமாகத் தேர்தல் வேண்டும். அது வலமுனையிலிருந்து பின்வரும் தொலைவில் அமையலாம்:

2 × விரவல் எண் × (இடைவெளிகளின் எண்ணிக்கையின் இயல் மடக்கை)

இத்தொலைவு குழாயின் பாதியை மிஞ்சினால் சீரான கட்டமே போதுமானது. இதன் நுட்பத்தை ஓர் எளிய வகுத்தலால் காணலாம். படலத்திற்குள் உள்ள இடைவெளியின் அளவை விரவல் எண்ணால் வகுத்தால், விரவல் எண் மேலும் கீழும் அடிபட்டுப் போகிறது. எஞ்சுவது, இடைவெளிகளின் எண்ணிக்கையின் மடக்கையை நான்கால் பெருக்கி அவ்வெண்ணிக்கையாலேயே வகுத்த தொகை. வருதிசை முறையின் பிழை இவ்விகிதத்தையே சார்ந்தது என்பதால், விரவல் எண் பிழையிலிருந்தே மறைந்துவிடுகிறது.

விரவல் எண் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு எனக் கொண்டு, 64 இடைவெளிகளில் அதே வருதிசை முறையைக் கையாண்டால் மிகப் பெரிய பிழை சுமார் 0.044, வெப்பப் பாய்வு 0.79. இடைவெளிகளை 1024 ஆக்கினால் பிழை சுமார் 0.005, வெப்பப் பாய்வு 0.97. விரவல் எண்ணை மேலும் ஆயிரம் மடங்கு குறைத்தாலும் இவ்வெண்கள் மாறுவதில்லை. சீரான கட்டத்தில் பல இலட்சம் புள்ளிகளாலும் பெற முடியாத உறுதிப்பாட்டை, சில நூறு புள்ளிகளை உரிய இடத்தில் வைத்ததனால் பெற்றுவிடுகிறோம். முறையும் மாறவில்லை, கணினியும் மாறவில்லை. புள்ளிகள் நிற்கும் இடம் மட்டுமே மாறியது.

இக்கருத்துகளைத் தொகுத்துரைக்கும் நூலொன்றை மில்லர், ஓ'ரியோர்டன், ஷிஷ்கின் ஆகிய மூவரும் எழுத, 1996இல் சிங்கப்பூரின் வேர்ல்டு சயன்டிஃபிக் நிறுவனம் அதனை வெளியிட்டது. மில்லரின் முயற்சியால் 1980இல் டப்ளின் நகரில் தொடங்கிய எல்லைப் படல மாநாடுகள் இத்துறைக்குக் களம் அமைத்துத் தந்தன. தமிழகத்தில் திருச்சிராப்பள்ளி பாரதிதாசன் பல்கலைக்கழகக் கணித ஆய்வாளர்களும் இத்துறைக்குப் பங்களித்துள்ளனர்.

9. எஞ்சி நிற்கும் சிக்கல்கள்

பொருத்திய கட்டம் எல்லா நோய்க்கும் மருந்தன்று. படலம் எங்கே உள்ளது, எவ்வளவு தடிமனானது என்பவை முன்கூட்டியே தெரிந்திருத்தல் வேண்டும். நமது எடுத்துக்காட்டில் அவை வெளிப்படை. வளைந்த பரப்பைச் சுற்றி ஓடும் காற்றில் படலம் பரப்பிலிருந்து பிரிந்து செல்லக்கூடும். எல்லையை விட்டு உட்புறத்திலும் படலங்கள் தோன்றக்கூடும். அவற்றின் இடத்தை விடையே தீர்மானிக்கிறது. விடையோ கட்டத்தைச் சார்ந்துள்ளது. ஆதலால், முதலில் ஒரு தோராய விடையைக் கண்டு, அதிலிருந்து பிழையை மதிப்பிட்டு, பிழை மிகுந்த இடத்தில் புள்ளிகளைக் குவித்து மீண்டும் கணக்கிடும் தகவமைப்புக் கட்டங்களை நாட வேண்டியுள்ளது. அவற்றுக்கும் சீரான பிழைவரம்பை நிறுவுதல், ஒருபரிமாணத்தில் கைகூடியுள்ள அளவுக்கு உயர்பரிமாணங்களில் கைகூடவில்லை.

10. முடிவுரை

மேற்கண்ட விளக்கத்திலிருந்து மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவது, சமன்பாட்டில் சிறியதாகத் தோன்றும் உறுப்பு, விடையில் சிறியதாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இரண்டாவது, வழுவழுப்பான வரைகோடு துல்லியத்திற்குச் சான்றாகாது. ஒரு கணிப்பைச் சோதிக்கும்போது கட்டப்புள்ளிகளின் மதிப்புகளோடு, எல்லையில் பாயும் அளவுகளையும் சோதித்தல் வேண்டும். மூன்றாவது, ஒரு முறையின் தகுதியைக் குறிப்பிட்ட ஒரு விரவல் எண்ணுக்கு மட்டும் காட்டுதல் போதாது. எல்லா விரவல் எண்களுக்கும் பொருந்தும் பிழைவரம்பைக் காட்டுதல் வேண்டும்.

இன்று கணிப்பு மென்பொருள்கள் மாணவர்க்கும் எளிதில் கிட்டுகின்றன. அவற்றுள் பலவும், பயன்படுத்துவோர் கேளாமலே, வருதிசை வேறுபாட்டையோ அதனையொத்த நிலைப்படுத்தலையோ கையாளுகின்றன. வண்ணப் படமாகத் திரையில் தோன்றும் விடை அழகானது. அதனை ஏற்குமுன், அம்மென்பொருள் எந்த வேறுபாட்டு முறையைக் கையாண்டது, படலத்திற்குள் எத்தனைப் புள்ளிகள் விழுந்தன என்ற இரு வினாக்களைக் கேட்டறிவது கணக்கிடுவோர் ஒவ்வொருவரின் கடமையாகும்.